ரைக்ஸ்மியூசியத்தின் இலவசப் படத்தை வைத்து ஆயில் பெயின்டிங் கற்ற ஏழு மாதம்

பொங்கல் விடுமுறையில் ஆரம்பித்த படம், ஆவணி பிறந்த பிறகுதான் முடிந்தது. ஏழு மாதம், ஒரே ஒரு படம். வாரத்தில் இரண்டு சாயங்காலம், அப்புறம் ஞாயிற்றுக்கிழமை காலை முழுக்க. திருச்சியில் நான் இருக்கும் பக்கம், வேலைக்குப் போய் வருபவர்களுக்கு மாலையில் ஆயில் பெயின்டிங் சொல்லித்தர யாரும் அமையவில்லை. அதனால் ஆம்ஸ்டர்டாமில் இருக்கும் ரைக்ஸ்மியூசியம் தன் இணையதளத்தில் இலவசமாகக் கொடுக்கும் படங்களையே வாத்தியாராக வைத்துக்கொண்டேன். அந்தச் சேவையைப் பற்றித்தான் இந்த விமர்சனம், கூடவே கைக்காசு போட்டு வாங்கிய சாயம், கேன்வாஸ், பிரின்ட் பற்றியும். பள்ளி நாளிலிருந்து வாட்டர்கலர் பழக்கம் உண்டு, ஓரளவு வரைய வரும், ஆனால் ஆயில் டியூபைத் திறந்ததே இந்த ஜனவரியில்தான் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு படியுங்கள். என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வீட்டில் தனியாக உட்கார்ந்து ஆயில் கற்க நினைப்பவருக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை, படத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்க்கத் தயாராக இருந்தால்.

வீட்டுக்குள் மனிதர்கள் இருக்கும் காட்சி ஒன்றை வரைய வேண்டும் என்பதுதான் என் ஆசை. அந்த ஆசையை எனக்குள் போட்டவர் ஓவியர் இளையராஜா. கும்பகோணம் பக்கத்துக்காரர், 2021 ஜூனில் கொரோனாவில் போய்விட்டார். வாசல்படியிலும் ஜன்னலோரத்திலும் உட்கார்ந்திருக்கும் நம்மூர்ப் பெண்கள் மேல் வெளிச்சம் விழுவதை அவர் வரைந்த விதத்தைப் பத்திரிகைகளில் பார்த்துப் பார்த்து வளர்ந்த கண் என்னுடையது. முதலில் அவர் படம் ஒன்றைத்தான் பார்த்து வரையலாம் என்று நினைத்தேன். ஆனால் என்னிடம் இருந்ததெல்லாம் பத்திரிகைத் தாளும் போனில் சேர்த்து வைத்த சின்னப் படங்களும்தான். பெரிதாக்கினால் கட்டம் கட்டமாக உடைகிறது, பிரஷ் எங்கே போனது, எங்கே நின்றது என்று ஒன்றும் தெரியாது. அதோடு, நேற்றுவரை நம்மோடு இருந்த ஒருவரின் படத்தைக் குடும்பத்தாரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நகல் எடுப்பதில் எனக்குச் சம்மதமில்லை. பழைய படம், பெரிய படம், உரிமைச் சிக்கல் இல்லாத படம் என்று தேடிக்கொண்டு போனதில்தான் ரைக்ஸ்மியூசியத்துக்கு வந்து சேர்ந்தேன்.

அங்கே கிடைத்தது ஒரு அம்மா தன் பிள்ளைக்குப் பேன் பார்க்கும் படம்.

பீட்டர் டி ஹோக் என்ற பதினேழாம் நூற்றாண்டு டச்சு ஓவியர் வரைந்தது. 1660, 61 வாக்கில் என்று அருங்காட்சியகம் சொல்கிறது, அவர் டெல்ஃப்ட் நகரத்தை விட்டு ஆம்ஸ்டர்டாமுக்குக் குடிபெயர்ந்ததும் ஏறக்குறைய அந்தச் சமயம்தான். ‘தாயின் கடமை’ என்ற பெயரில் அந்தப் படம் பிரபலம். அம்மா உட்கார்ந்திருக்கிறாள், பிள்ளை மண்டியிட்டு மடியில் தலையைக் கவிழ்த்திருக்கிறது. அவர்களுக்குப் பின்னால் சுவருக்குள்ளேயே அலமாரி மாதிரி அமைத்த படுக்கை, அதற்குத் திரை. பக்கத்தில் படுக்கையைச் சூடுபடுத்தும் செம்புப் பாத்திரம் நீளமான பிடியோடு தொங்குகிறது. வலது ஓரத்தில் குழந்தைக்குக் கழிப்பதற்கான குட்டி மர நாற்காலி. இடது பக்கம் ஒரு வாசல், அது வழியாகப் பின்னறை, பின்னறைக்கு அப்பால் இன்னொரு வாசல், அதில் மரம் தெரிகிறது, வெயில் தெரிகிறது. நாய் ஒன்று நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அந்த வெயிலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறது. முதல் தடவை பார்த்தபோது எனக்கு எங்கள் தாத்தா வீடு ஞாபகம் வந்துவிட்டது. தஞ்சாவூர்ப் பக்கத்துப் பழைய வீடுகளில் வாசலில் நின்றால் ரேழி, கூடம், இரண்டாங்கட்டு எல்லாம் தாண்டிக் கொல்லைக் கிணறுவரை ஒரே பார்வையில் தெரியும், நடுவில் முற்றத்து வெளிச்சம் மட்டும் தரையில் சதுரமாகக் கிடக்கும். இப்படி ஒரு வாசல் வழியாக இன்னொரு இடத்தைக் காட்டுவதற்கு டச்சுக்காரர்கள் தனியாகவே ஒரு சொல் வைத்திருக்கிறார்கள், ‘டோர்கைக்யே’. டி ஹோக்குக்கு அதில் தணியாத ஆசை.

சரி, சேவைக்கு வருகிறேன். இணையதளம் ஆங்கிலத்திலும் டச்சிலும் இருக்கிறது. ஓவியர் பெயரைப் போட்டும் தேடலாம், பொருள் எண்ணைப் போட்டும் தேடலாம். இந்தப் படத்தின் எண் எஸ்கே-சி-149. படத்தைத் திறந்து பெரிதாக்கிக்கொண்டே போகலாம், அப்படியே இறக்கிக்கொள்ளவும் செய்யலாம், பைசா செலவில்லை. பழைய ஓவியங்களின் படங்களை அச்சிடலாம், அட்டையில் போடலாம், விற்கலாம், யாரையும் அனுமதி கேட்க வேண்டாம். 2012இல் இந்த வசதியைத் திறந்தார்கள்.

ஏன் இப்படித் தாராளமாகக் கொடுக்கிறார்கள் என்பதற்கு ஒரு கதை உண்டு, எனக்கு மிகவும் பிடித்த கதை. அதே காலத்து டச்சு ஓவியர் வெர்மீர் வரைந்த பால் ஊற்றும் பெண் படம் இவர்களிடம்தான் இருக்கிறது. அதன் மோசமான, மஞ்சள் பாய்ந்த நகல்கள் இணையத்தில் 10,000க்கு மேல் சுற்றிக்கொண்டிருந்தனவாம். அருங்காட்சியகத்துக்கு நேரில் வந்தவர்கள்கூட அங்கே விற்கும் அஞ்சலட்டையைப் பார்த்துவிட்டு, இது அசல் நிறம் இல்லையே என்று நம்ப மறுத்தார்களாம். தப்பான நிறத்தை விரட்ட ஒரே வழி சரியான நிறத்தை எல்லோருக்கும் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தார்கள். படம் பார்த்து வரையும் நமக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது பேலட்டில் சாயம் கலக்க ஆரம்பித்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. நாம் கற்பதே நிறத்தை. கண் முன்னால் இருக்கும் நிறமே பொய் என்றால் ஏழு மாதமும் பொய்யைக் கற்றிருப்பேன்.

அதை முதல் மாதத்திலேயே கொஞ்சம் அனுபவித்தும் விட்டேன். திரையைப் பார்த்து வரைவது சிரமம் என்று நினைத்து, இறக்கிய படத்தை ஊரில் ஒரு கடையில் ஏ3 தாளில் பிரின்ட் போட்டேன். பளபளப்புத் தாள், நல்ல விலை. வந்ததைப் பார்த்தால் படுக்கையைச் சுற்றியிருக்கும் நிழல் முழுவதும் ஒரே கறுப்பு. திரையில் அந்த நிழலுக்குள் மரத்தின் பழுப்பு இருக்கிறது, திரைத்துணியின் மடிப்பு இருக்கிறது, அதற்கும் உள்ளே இன்னும் ஆழமான ஒரு இருட்டு இருக்கிறது. தாளில் எல்லாம் ஒரே கறுப்பாக இறங்கிவிட்டது. இன்னொரு கடையில் போட்டேன், அங்கே எல்லாம் சிவந்துபோய் வந்தது. இரண்டு பிரின்டுக்கும் கொடுத்த காசுக்கு நல்ல பிரஷ் இரண்டு வாங்கியிருக்கலாம். அதன்பிறகு பழைய லேப்டாப்பை ஈசல் (கேன்வாஸை நிறுத்தும் மரச்சட்டம்) பக்கத்தில் ஸ்டூல் போட்டு வைத்துக்கொண்டேன், வெளிச்ச அளவை ஒரே இடத்தில் நிறுத்தி, கண்ணுக்கு இதமாக இரவில் நிறத்தை மஞ்சளாக்கும் அந்த வசதியை அணைத்துவிட்டு. இந்த இரண்டாவது விஷயத்தை மறந்துவிடாதீர்கள். ஒரு வாரம் முழுக்க அது ஓடிக்கொண்டிருந்ததைக் கவனிக்காமல் சுவருக்கு மஞ்சள் கலந்துகொண்டே இருந்தேன்.

கேன்வாஸ் அளவைப் பற்றி ஒரு வார்த்தை. மூலப்படம் 52.5 சென்டிமீட்டர் உயரம், 61 சென்டிமீட்டர் அகலம். நான் எடுத்தது உயரம் 12 அங்குலம், அகலம் 14 அங்குலம். கணக்குப் போட்டுப் பாருங்கள், விகிதம் அப்படியே பொருந்தும், எதையும் வெட்ட வேண்டியதில்லை. நான் கேட்ட கடைகளில் 10க்கு 12, 12க்கு 16 என்றுதான் தயாராக வைத்திருந்தார்கள், 12க்கு 14 சொல்லித்தான் செய்ய வேண்டியிருந்தது. மூலத்தின் அளவிலேயே நகல் எடுக்காமல் இருப்பது ஒரு நல்ல மரபும்கூட. பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் 1793இல் திறந்த காலம் தொட்டே ஓவியர்கள் உள்ளே உட்கார்ந்து நகல் எடுக்கிறார்கள், அங்கே நகலின் அளவு மூலத்தின் அளவாக இருக்கக் கூடாது, மூலவரின் கையெழுத்தையும் நகல் எடுக்கக் கூடாது என்பது விதி. நானும் கையெழுத்து எதுவும் போடவில்லை. பின்பக்கம் பென்சிலில் ‘பீட்டர் டி ஹோக் படத்தைப் பார்த்து வரைந்தது’ என்று எழுதி, தேதி போட்டிருக்கிறேன்.

சாயத்துக்கு வந்தால், எட்டே எட்டு டியூப்தான். டைட்டானியம் ஒயிட், எல்லோ ஆக்கர் (மஞ்சள் காவி), லைட் ரெட், பர்ன்ட் சியன்னா, பர்ன்ட் அம்பர், ரா அம்பர், அல்ட்ராமரைன் ப்ளூ, ஐவரி பிளாக். பெரும்பாலும் கேமல் கம்பெனி, வெள்ளை மட்டும் வின்ஸர் நியூட்டனின் வின்டன் 37 மில்லி டியூப். வெள்ளை மற்ற எல்லாவற்றையும் விட மூன்று மடங்கு தீரும், அதனால் அதைப் பெரிதாகவே வாங்குங்கள். பெட்டி பெட்டியாக 24 நிறம் வாங்க வேண்டாம். டி ஹோக் படத்தில் கண்ணுக்குத் தெரியும் நிறமெல்லாம் மண் நிறம்தான், செங்கல், ஓடு, மரம், செம்பு, கம்பளி. நம்மூர்க் கடையில் கிடைக்கும் மலிவான காவிகளும் அம்பர்களுமே போதும். அவர் காலத்து வெள்ளை ஈயத்தில் செய்தது, விஷம். டைட்டானியம் வெள்ளை போன நூற்றாண்டில் வந்தது, அது அதைவிடக் குளிர்ந்த, அழுத்தமான வெள்ளை, எதிலும் கொஞ்சம் சேர்த்தாலே சுண்ணாம்பு மாதிரி ஆகிவிடும். அதனால் வெள்ளை தொடும் ஒவ்வொரு தடவையும் கூடவே துளி ஆக்கர் தொடுவதைப் பழக்கமாக்கிக்கொண்டேன்.

வரைவுக்கு மட்டுமே மூன்று வாரம் போனது. கட்டம் போட்டு எடுத்தேன், மனிதர்கள் சரியாக வந்தார்கள், அறை வரவில்லை. பார்த்தால் ஏதோ சாய்ந்த மாதிரி இருக்கிறது, எங்கே தப்பு என்று சொல்ல முடியவில்லை. டி ஹோக் எப்படிச் செய்தார் என்று தேடினேன். அவர் படங்கள் சிலவற்றில் ஊசி குத்திய துளை இருப்பதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள், வெர்மீர் படங்களிலும் அப்படித்தான். ஆழத்துக்குப் போகும் கோடுகள் எல்லாம் போய்ச் சேரும் புள்ளியில் ஒரு ஊசியைக் குத்தி, அதில் நூலைக் கட்டி, நூலுக்குச் சுண்ணப்பொடி பூசி, இழுத்துப் பிடித்து ஒரு சுண்டு சுண்டினால் துணியில் நேர்கோடு விழும். படித்ததும் எனக்குச் சிலிர்த்தது. நம் ஆசாரி மரத்தில் நூல் அடிப்பது இதேதான்! எங்கள் வீடு கட்டும்போது கொத்தனார் நீலப்பொடியில் நூலைத் தோய்த்துத் தரையில் அடித்ததைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். டி ஹோக்கின் அப்பா கொத்தனார். அம்மா பேறு பார்க்கும் மருத்துவச்சி. செங்கல் வைப்பவர் வீட்டில் பிறந்தவர் செங்கல்லையும் தரைக்கல்லையும் அவ்வளவு ஆசையாக வரைந்தார் என்பதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

திரையில் படத்தைப் பெரிதாக்கி, தரைக் கோடுகளையும் சுவர் விளிம்புகளையும் ஸ்கேல் வைத்து நீட்டி நீட்டி அவை சேரும் இடத்தைக் கண்டுபிடித்தேன். என் கேன்வாஸில் அதே இடத்தில் குண்டூசி, தையல் நூல், சாக்பீஸ் பொடி. பழைய வரைவைத் துடைத்துவிட்டு அறையை முதலில் கட்டினேன், மனிதர்களை அப்புறம் உள்ளே உட்கார வைத்தேன். இதை யாராவது எனக்கு முதல் நாளே சொல்லியிருக்கலாம்: உள்ளறைக் காட்சி என்றால் முதலில் வீட்டைக் கட்டு, பிறகு குடிவை.

அதற்கு மேல் ரா அம்பர் ஒன்றை மட்டும் டர்பன்டைனில் கரைத்து வெளிச்சம், நிழல் என்று முழுப் படத்தையும் பழுப்பிலேயே போட்டேன். அம்பர் சீக்கிரம் காயும், அதில் மாங்கனீசு இருப்பதால். இரண்டு நாளில் மேலே வேலை செய்யலாம். கறுப்பு அப்படியில்லை, ஐவரி பிளாக்கை அடியில் போட்டால் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

இப்போது இந்தச் சேவை எனக்குக் கற்றுக்கொடுத்த மிகப் பெரிய பாடத்தைச் சொல்கிறேன். தரையில் விழும் அந்த வெயில். தள்ளி நின்று பார்த்தால் கண் கூசுகிற மாதிரி இருக்கிறது, சுத்த வெள்ளையாகப் பூசினால்தான் அந்தப் பிரகாசம் வரும் என்று தோன்றுகிறது. நானும் வெள்ளையும் துளி மஞ்சளும் கலந்து பூசினேன். பார்த்தால் தரையில் யாரோ காகிதம் போட்டது மாதிரி இருக்கிறது, வெயிலாகத் தெரியவே இல்லை. வழித்து எடுத்துவிட்டு மறுபடி, மறுபடியும் காகிதம். மூன்றாவது தடவைக்கு முன்னால் ஒரு சாம்பல் நிற அட்டையில் தாளில் துளை போடும் கருவியால் ஒரு ஓட்டை போட்டு, லேப்டாப் திரையில் வெயில் விழும் இடத்தின் மேல் வைத்தேன். ஓட்டைக்குள் தெரிந்தது வெள்ளையே இல்லை. பழுப்பேறிய ஒரு ரோஜா நிறம், நன்றாகச் சுட்ட செங்கல்லின் மேல் லேசாகத் தூசி படிந்தது போல. நம்பவே முடியாமல் அட்டையை எடுத்தேன், வெயில். வைத்தேன், செங்கல் தூசி. எடுத்தால் வெயில், வைத்தால் தூசி. அரைமணி நேரம் அதையே செய்துகொண்டிருந்தேன். பிறகு அட்டையை நகர்த்தி, அதற்குப் பக்கத்தில் இருக்கும் நிழலைப் பார்த்தேன், நான் நினைத்ததைவிட எவ்வளவோ இருண்டிருந்தது. வெயிலை வெயிலாக்கியது பக்கத்து இருட்டுதான். அன்று இரவு வெயிலைத் தொடவே இல்லை, சுற்றியிருக்கும் அறையை மட்டும் இரண்டு படி இருட்டாக்கினேன், மறுநாள் லைட் ரெட், ஆக்கர், வெள்ளை மூன்றையும் கலந்து அந்த மங்கல் நிறத்தை வைத்தேன். வைத்த இடத்தில் விளக்குப் போட்டது மாதிரி ஆகிவிட்டது.

இதைப் பிரின்டில் கற்றிருக்கவே முடியாது. பிரின்டில் நிழலும் பொய், வெயிலும் பொய். அவர்கள் கொடுக்கும் படத்தில் ஓட்டை அட்டையை எங்கே வைத்தாலும் ஒரு தனி நிறம் இருக்கிறது. நிழலுக்குள் இருக்கும் வெள்ளைத் துணி சாம்பல், அதிலும் வாசல் பக்கம் இருக்கும் ஓரம் கொஞ்சம் நீலம். செம்புப் பாத்திரத்தின் மினுக்கு ஒரே ஒரு பிரஷ் தொடுகை, அதைச் சுற்றி வேறு எதுவும் இல்லை. முழுதாகப் பெரிதாக்கினால் சாயத்தின் மேல் வலை வலையாக ஓடும் வெடிப்புகூடத் தெரிகிறது.

இதிலேயே ஒரு எச்சரிக்கையும் இருக்கிறது. பெரிதாக்கிப் பார்க்க முடிகிறது என்பதாலேயே பெரிதாக்கியே வரையத் தோன்றும். நாயின் முதுகு மயிரை முழு அளவில் பார்த்துப் பார்த்து ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க நுண் பிரஷால் இழைத்தேன். பின்னால் தள்ளி வந்து பார்த்தால் படத்தில் வேறு எதையும் பார்க்க விடாமல் நாய் மட்டும் முன்னால் வந்து நிற்கிறது. மூலத்தில் அந்த நாய் நாலைந்து மங்கலான பூச்சும், வெளிச்சம் படும் விளிம்பும்தான். அதனால் எனக்கு நானே ஒரு விதி வைத்துக்கொண்டேன்: திரையில் படம் என் கேன்வாஸ் அளவுக்கு மேல் பெரிதாக இருக்கும்போது பிரஷைக் கையில் எடுக்கக் கூடாது. பெரிதாக்கிப் பார், புரிந்துகொள், சின்னதாக்கு, அப்புறம் வரை.

நடுவில் நொந்துபோன காலம் ஒன்றும் உண்டு. ஏப்ரல் கடைசியில் மேல் அடுக்கு பூசப் பூச இருண்ட இடங்கள் எல்லாம் திட்டுத் திட்டாக மங்கிவிட்டன. ஈரமாக இருக்கும்போது ஆழமான பழுப்பு, காய்ந்ததும் கரும்பலகை. முதலில் சாயத்தைச் சந்தேகப்பட்டேன். பிறகுதான் தெரிந்தது, கேன்வாஸில் பூச்சு மெலிதாக இருந்து எண்ணெயை உறிஞ்சுகிறது. கேன்வாஸ் செய்து கொடுத்த கடையில் இரண்டு கோட் அடித்திருக்கிறோம் என்று சொல்லியிருந்தார்கள், பின்பக்கம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது துணியின் கண்கள் தெரிந்தன. வாங்கும்போதே அப்படிப் பிடித்துப் பார்த்திருக்க வேண்டும். நீங்கள் வாங்கினால் கடையில் என்ன சொன்னாலும் வீட்டுக்கு வந்து ஒரு கோட் ஜெஸ்ஸோ (கேன்வாஸுக்கு அடிக்கும் வெள்ளை அடிப்பூச்சு) அடித்துக் காயவைத்துவிட்டே தொடங்குங்கள். மங்கிய படத்தைக் காப்பாற்றும் வழி, அடுக்கு காய்ந்த பிறகு லின்சீட் ஆயிலை (ஆளிவிதை எண்ணெய்) மிக மெலிதாகத் தடவி, நூல் பிசிறு இல்லாத துணியால் ஒற்றி எடுத்துவிடுவது. போன ஆழம் அப்படியே திரும்பி வருகிறது.

திருச்சி வெயில் இந்த வேலைக்கு உதவி செய்கிறது என்றே சொல்வேன். ஆயில் சாயம் தண்ணீர்ச் சாயம் போல ஆவியாகிக் காய்வதில்லை, எண்ணெய் காற்றில் இருக்கும் ஆக்சிஜனை இழுத்து இறுகுகிறது, சூட்டில் அது இன்னும் வேகமாக நடக்கும். மே மாதத்தில் மூன்று நாளில் தொட்டால் ஒட்டாத அடுக்கு, ஆடி மழையில் ஒரு வாரம் கழித்தும் பிசுபிசுத்தது. ஃபேன் காற்றில் தூசி வந்து ஒட்டுவதுதான் தொல்லை. ஈர கேன்வாஸைச் சுவர் பார்த்துச் சாய்த்து வைத்தால் பாதி குறையும். கீழ் அடுக்கில் டர்பன்டைன் அதிகம், மேலே போகப் போக எண்ணெய் அதிகம் என்ற வரிசையை மாற்ற வேண்டாம், மாற்றினால் பின்னாளில் வெடிக்கும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். இறுகும்போது சூடு கிளம்பும், சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு சேர்ந்து தானாகவே தீப்பிடிக்கக்கூடும். நான் தண்ணீரில் நனைத்து, கொல்லையில் விரித்துக் காயவைத்துவிட்டுத்தான் போடுகிறேன்.

கடைசி ஒன்றரை மாதமும் இரண்டு கைகளுக்கே போனது. பேன் பார்க்கும் விரல்கள். என் கேன்வாஸில் பிள்ளையின் தலை ஒரு எலுமிச்சம்பழம் அளவுகூட இல்லை, அதன் மேல் அம்மாவின் விரல்கள் அரிசி அளவு. எத்தனை தடவை வரைந்தாலும் அடிக்கப்போகிற கை மாதிரியோ ஆசீர்வாதம் செய்கிற கை மாதிரியோதான் வந்தது. ஊருக்குப் போயிருந்தபோது என் அம்மாவிடம் படத்தைக் காட்டினேன், லேப்டாப்பில் பெரிதாக்கி. கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள். “வாசல்ல அவ்ளோ வெளிச்சம் இருக்கு, இவ ஏண்டி உள்ள உக்காந்து பாக்குறா? இருட்டுல ஈரு தெரியுமா?” என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆறு மாதமாக அந்தப் படத்தைப் பார்க்கிறேன், அது தோன்றவே இல்லை. வெயிலை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன், முன்னறைக்கும் மெல்லிய வெளிச்சம் ஒன்று வருகிறது, அது இல்லாவிட்டால் இருவர் முகமும் கறுத்துப் போயிருக்கும் என்பதைக் கவனிக்கவே இல்லை. பின்வாசல் வெயில் நாய்க்கும் தரைக்கும், முன்பக்க வெளிச்சம் அம்மாவுக்கும் பிள்ளைக்கும் என்று இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறார் மனிதர்.

அதன்பிறகு அம்மா என் மகளை உட்கார வைத்து, மடியில் தலையைச் சாய்த்து, பேன் பார்த்தாள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளை, பேனுக்குப் பஞ்சமில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து கையை மட்டும் பென்சிலில் வரைந்தேன். இடது கட்டைவிரல் மயிரை வகிர்ந்து அழுத்திப் பிடித்திருக்கிறது, அசைவதே இல்லை. வலது கையின் ஆள்காட்டி விரலும் கட்டைவிரலும்தான் வேலை செய்கின்றன, மற்ற மூன்று விரலும் மடங்கிக் காது மேல் சும்மா கிடக்கின்றன. நான் ஐந்து விரலுக்கும் வேலை கொடுத்துக்கொண்டிருந்தேன். திருச்சி திரும்பியதும் ஒரே உட்காரலில் அந்தக் கைகளை முடித்தேன்.

இந்தச் சேவையால் தர முடியாதது ஒன்றைச் சொல்ல வேண்டும். எவ்வளவு பெரிய படமானாலும் புகைப்படம் புகைப்படம்தான், சாயத்தின் தடிப்பு தெரியாது. எங்கே மெலிதாகத் தேய்த்திருக்கிறார், எங்கே கட்டியாக வைத்திருக்கிறார் என்பதை ஊகிக்கத்தான் முடியும். இதற்கு எங்காவது அசல் ஆயில் படம் ஒன்றைப் பக்கத்தில் நின்று பாருங்கள். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் ரவிவர்மா படங்கள் இருக்கின்றன. பட்டுக் கரையில், நகையில் வெளிச்சம் படும் இடங்களில் சாயம் எவ்வளவு தடித்து நிற்கிறது என்று பக்கவாட்டில் சாய்ந்து பார்த்தால் தெரியும்.

மற்ற அருங்காட்சியகங்களும் இலவசமாகக் கொடுக்கின்றன. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017இலிருந்து கொடுக்கிறது, வாஷிங்டன் தேசியக் கலைக்கூடம் அதற்கும் முன்னாலிருந்தே. இரண்டும் நல்ல சேவைதான். ஆனால் டச்சுக்காரர்களின் வீட்டுக்குள் காட்சிகள்தான் வேண்டும் என்றால் ரைக்ஸ்மியூசியத்தில் இருக்கும் அளவு வேறெங்கும் எனக்குக் கிடைக்கவில்லை, அதோடு அவர்கள் நிறத்தில் காட்டும் அக்கறை எனக்கு ஒரு படி மேலே தெரிகிறது. இதே இடத்தில் ரெம்பிராண்டின் ‘இரவுக் காவல்’ படத்தை 717 கிகாபிக்சலில் (ஒரு கிகாபிக்சல் என்றால் நூறு கோடி புள்ளி) எடுத்து 2022இல் போட்டிருக்கிறார்கள், ஒரு கண்ணின் ஈரத்தை மட்டும் திரை முழுக்க விரித்துப் பார்க்கலாம். வரையாவிட்டாலும் ஒரு ராத்திரி அதைத் திறந்து பாருங்கள்.

எனக்கு மொத்தச் செலவு சாயம், பிரஷ், கேன்வாஸ், எண்ணெய், வீணாய்ப்போன இரண்டு பிரின்ட் எல்லாம் சேர்த்து 4,000 ரூபாய்க்குள். சாயம் பாதிக்கு மேல் இன்னும் மிச்சம் இருக்கிறது. வரையவே பழக்கமில்லாதவர்கள் நேராக இந்தப் படத்தில் குதிக்க வேண்டாம், ஒரு தம்ளர், ஒரு எலுமிச்சம்பழம் என்று இரண்டு மாதம் போட்டுவிட்டு வாருங்கள். பொறுமை குறைந்தவர்களுக்கு வெர்மீரின் பால் ஊற்றும் பெண் நல்ல தொடக்கம், ஒரே ஆள், ஒரே ஜன்னல்.

படம் இப்போது கூடத்தில் காய்ந்துகொண்டிருக்கிறது. வார்னிஷ் அடிக்க ஆறு மாதம் பொறுக்க வேண்டும், தை பிறந்துவிடும். அதற்குள் அடுத்ததை ஆரம்பிக்கலாம் என்று டி ஹோக்கின் இன்னொரு படத்தை இறக்கி வைத்திருக்கிறேன். 1663இல் வரைந்தது, இரண்டு பெண்கள் அலமாரி பக்கத்தில் நின்று மடித்த துணிகளை அடுக்குகிறார்கள், ஒரு குழந்தை மட்டையும் பந்துமாக விளையாடுகிறது, தரை முழுக்கக் கறுப்பு வெள்ளைக் கட்டம். குண்டூசியும் நூலும் எடுத்து வைத்தாயிற்று, கேன்வாஸுக்கு இந்தத் தடவை நானே மூன்று கோட் ஜெஸ்ஸோ அடித்திருக்கிறேன்.